ஆய்வு மருத்துவர் தேவை

பணியிட விளம்பரங்களை எவரும் இலக்கியமாகக் கருதிப் படிப்பதில்லை. வேலை தேடுவோர் ஊதியத்தை நோக்குவர். வேலை கிடைத்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவும் மாட்டார். எனினும், முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்க்குச் செய்யுளும் உரைநடையும் கற்பித்த பழக்கத்தால், எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் அதைச் சொல் சொல்லாக நிறுத்திப் படிக்கும் இயல்பு எனக்கு அமைந்துவிட்டது. 2017ஆம் ஆண்டில் அத்தகைய தாள் ஒன்று என் கைக்கு வந்தது. மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று, லூப்பஸ் நோயில் தேர்ச்சி பெற்ற ஆய்வு மருத்துவர் ஒருவரைத் தன் மருத்துவமனையில் பணியமர்த்த எண்ணி எழுதிய விளம்பரத்தின் முன்வரைவு அது. அதனை வெளியிடுமுன் நோயாளர் தரப்பினரும் பார்த்துக் கருத்துரைக்க வேண்டுமெனத் துறைத்தலைவர் விரும்பினார். என் அக்காளின் பொருட்டு நோயாளர் குழுவில் நெடுங்காலம் இருந்தவன் என்னும் முறையில் எனக்கும் ஒரு படி கிடைத்தது.

அவ்வரைவு ஆங்கிலத்தில் ஒன்றேகால் பக்க அளவினது. விண்ணப்பிப்பவர் பொது மருத்துவத்தில் உயர்தேர்வு எய்தியிருத்தல் வேண்டும். மூட்டுநோய்த் துறையில் தனிப்பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். லூப்பஸ் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டிருத்தல் வேண்டும். பணியில் சேர்ந்தபின் வாரத்தில் மூன்று அரைநாள் புறநோயாளரைப் பார்க்க வேண்டும். நோயாளர் கூடங்களை நாள்தோறும் சுற்றி வர வேண்டும். இளநிலை மாணவர்க்கு விரிவுரை ஆற்ற வேண்டும். முதுநிலை மாணவரின் ஆய்வை மேற்பார்க்க வேண்டும். வெளியிலிருந்து ஆய்வு நிதி ஈட்டி வர வேண்டும். குழுக்களில் அமர வேண்டும். கடைசி வரி, ‘அவ்வப்போது ஒப்படைக்கப்படும் பிற கடமைகள்’ என்று முடிந்தது. தலைமையாசிரியராக இருந்தவர்கள் அந்த ஒரு வரியின் ஆழத்தை அறிவார்கள். நான் பென்சிலால் ஓரத்தில் மணிக்கணக்கைக் குறித்துக் கூட்டிப் பார்த்தேன். ஆய்வுக்கென எஞ்சியவை வெள்ளிக்கிழமை மாலையும் உறங்கும் நேரமுமே.

எந்த மருத்துவப் பணிக்கும் பொருந்தும் குறைதானே இது என்று கேட்கலாம். அவ்வாறன்று. எலும்பு முறிந்தவனுக்கு, முறிவைச் சேர்த்துக் கட்டும் கைத்திறன் இன்று இருந்தால் போதும். கட்டியவர் நாளை வேறு ஊருக்குப் போனாலும் எலும்பு கூடிவிடும். லூப்பஸ் அவ்வகையினதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அவ்வுடலையே அயலாகக் கருதித் தாக்கும் நோய் அது. கன்னங்களில் சிவந்த தடிப்பு, மூட்டுவலி, காய்ச்சல், முடியுதிர்தல், வாய்ப்புண் என்று ஒருவரிடம் தொடங்கும். மற்றொருவரிடம் சிறுநீரகத்தில் தொடங்கும். இன்னொருவரிடம் மூளையைத் தொடும். சில மாதம் எரியும், சில ஆண்டு தணிந்திருக்கும், பின்னர்க் காரணம் சொல்லாமல் மீண்டும் மூளும். நோயுறுவோரில் பத்தில் ஒன்பதின்மர் பெண்கள். அவர்களுள்ளும் பெரும்பாலோர் மகப்பேற்றுக்குரிய வயதினர். இந்நோயை ஒரு நாளில் பார்த்து அறிய இயலாது. ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர் உடலில் நிகழ்வனவற்றைத் தேதியிட்டு எழுதி வைத்து, நூறு பேரின் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஓரளவு பிடிபடும்.

இதன் வரலாறும் அவ்வாறே நடந்திருக்கிறது. லூப்பஸ் என்பது இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். முகத்தைக் கடித்துத் தின்றாற்போல் அரிக்கும் புண்களுக்கு இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் அப்பெயரை இட்டனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னா நகரத்துத் தோல் மருத்துவர் ஹெப்ரா, மூக்கின் இருமருங்கும் கன்னங்களில் பரவும் தடிப்பை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். ஒரே நோய்க்கு ஓநாயும் வண்ணத்துப்பூச்சியும் உவமையாய் வந்து சேர்ந்ததை அணியிலக்கணம் கற்பிப்போர் கவனிக்கலாம். தோலை மட்டும் பற்றுவது என்று எண்ணியிருந்த நோய் உடலுள்ளும் பாயும் என்பதை 1872இல் எழுதியவர் ஹெப்ராவின் மருமகனான கப்போசி. 1895 முதல் வில்லியம் ஆஸ்லர், உள்ளுறுப்புகளை அது தாக்கும் விதங்களைத் தொடர்ந்து விளக்கினார். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸும் அவருடன் பணியாற்றியோரும், நோயாளரின் எலும்பு மச்சையில் விந்தையான உயிரணு ஒன்றைக் கண்டனர். வேறோர் உயிரணுவின் கருவை அது விழுங்கி வைத்திருந்தது. ஆய்வகத்தில் சோதித்து இந்நோயை அறிய அதன்பின்னரே வழி பிறந்தது. படுக்கையருகே நிற்கும் பழக்கமும் நுண்ணோக்கியருகே அமரும் பழக்கமும் சேர்ந்து அமைந்த இடங்களில்தான் இந்நோய் தன் முகத்தைச் சிறிது சிறிதாகக் காட்டியிருக்கிறது.

மருந்து வந்த கதை நம் மண்ணுக்குச் சற்று அணுக்கமானது. தோட்டங்களில் நம் முன்னோர் மலேரியாக் காய்ச்சலுக்கு வரிசையில் நின்று கொயினா விழுங்கியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இரண்டாம் உலகப் போரின்போது கொயினாவுக்கு மாற்றாக மெப்பாக்ரின் என்னும் செயற்கை மருந்தைப் படைவீரர்க்குக் கொடுத்தனர். அதை உண்டவர்களின் தோல் மஞ்சளித்தது. அதே மெப்பாக்ரின் லூப்பஸ் நோயாளரின் தடிப்பைத் தணிப்பதை 1951இல் லண்டனில் பேஜ் என்னும் மருத்துவர் எழுதி வெளியிட்டார். அவ்வழியில் வந்த ஹைட்ராக்சிக்குளோரோகுயின் 1955இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; இன்றும் லூப்பஸ் நோயாளர் நாள்தோறும் உண்ணும் அடிப்படை மருந்து அதுவே. அதன்பின் இந்நோய்க்கென்றே ஆக்கப்பட்ட புதிய மருந்தொன்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2011இல்தான். பெலிமுமாப் என்பது அதன் பெயர். இடையில் கழிந்தவை ஐம்பத்தாறு ஆண்டுகள். என் அக்காளின் நோய்க்காலம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டது.

சிரம்பானை அடுத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். 1981இல், அவளுடைய இருபத்து மூன்றாம் வயதில், விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. வெயில் ஏறி நிரையை முடிக்கும் நேரத்தில் கன்னம் எரிந்தது. தோட்டத்து டிரசர் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். அவரிடம் இருந்தது அதுதான். அம்மை போட்டிருக்கிறதென்று அம்மா வேப்பிலை கட்டினார். குளிர்நீரில் கை வைத்தால் விரல் நுனிகள் சுண்ணாம்புபோல் வெளுத்தன. இரண்டு ஆண்டுகளில் மூன்று மருத்துவமனைகளின் சீட்டுகள் சேர்ந்தன. 1983இல் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஓர் இளம் சீன மருத்துவர் அவள் முகத்தைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார், “வெயிலில் நின்றால் கூடுகிறதா?” என்று மலாயில் கேட்டார். அதுவரை எவரும் கேளாத கேள்வி அது. பிறகு அவர் மேசை இழுப்பறையிலிருந்து பதினோரு குறிகள் அச்சிட்ட தாளொன்றை எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கோடிட்டார். நான்கு பொருந்தினால் லூப்பஸ் எனக் கொள்ளலாம் என்பது அத்தாளின் விதி. அக்காளுக்கு ஆறு பொருந்தின.

அந்த மருத்துவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அவளை வரச்செய்தார். வழக்கமான சோதனைக்கு எடுக்கும் இரத்தத்தோடு ஒரு சிறு குழாய் கூடுதலாக எடுத்து, அதிலிருந்து பிரித்த தெளிநீரைப் பெயரும் தேதியும் எழுதி உறைபெட்டியில் வைப்பார். எதற்கு என்று அக்காள் கேட்டாள். “இன்று எனக்குக் கேட்கத் தெரியாத கேள்வியை நாளை ஒருவர் கேட்பார். அன்றைக்கு விடை சொல்ல இது இருக்க வேண்டும்” என்றாராம். அக்காள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். எனினும் அச்சொல் அவளுக்கு நன்றாக விளங்கியது. ஒவ்வொரு முறையும் குழாய் நிறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று உடன் சென்ற அம்மா சொல்வார். ஏறத்தாழ அறுபது பெண்களின் குழாய்கள் அந்தப் பெட்டியில் இருந்தன.

1992இல் அவர் பணியை விட்டுத் தனியார் மருத்துவமனைக்குச் சென்றார். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தனர், ஊதியம் மூன்று மடங்கு என்றனர், ஒன்பது ஆண்டுகள் ஒருவர் தம் வெள்ளிக்கிழமை மாலைகளையும் உறக்கத்தையும் கொடுத்தது போதாதென்று யார் சொல்ல முடியும்? ஆனால் அவருக்குப்பின் வந்தவரின் நாட்டம் வேறு நோயில் இருந்தது. கட்டடத்தைப் புதுப்பித்தபோது உறைபெட்டி வராந்தாவுக்கு வந்தது, மின்னிணைப்பு அற்றது, பின்னர் அகற்றப்பட்டது. முறையான அறிவிப்பு எதுவுமில்லை. பதிவு முகப்பில் இருந்த தாதி ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அக்காளுக்குத் தெரிந்தது. “நான் கொடுத்த முப்பத்தாறு குழாயுமா?” என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். அவள் எண்ணி வைத்திருந்தாள்.

அந்தப் பதினோரு குறிகளின் தாளைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்து நான் படித்தறிந்தேன். 1982இல் அமெரிக்க மூட்டுநோய்ச் சங்கம் வெளியிட்ட திருத்திய அளவுகோல் அது. அதனை வகுத்த குழுவின் கட்டுரையில் முதற்பெயராக நிற்பவர் டான் எங் மெங். 1926இல் அவர் பிறந்த ஊர் சிரம்பான். எங்கள் தோட்டத்திலிருந்து பேருந்தேறினால் முதலில் வரும் நகரம். அவ்வூரில் பிறந்தவர் கடல் கடந்து உருவாக்கிய தாள், அவ்வூருக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணின் நோய்க்குப் பெயர் சொல்ல மீண்டு வந்ததை எண்ணுந்தோறும் எனக்கு ஒருவகைப் பெருமிதமும் உறுத்தலும் ஒருங்கே எழும்.

டான் எங் மெங் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1956இல் பட்டம் பெற்றார். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹென்றி குங்கலிடம் ஆய்வு பயின்றார். அந்நிறுவனத்தின் மருத்துவமனை 1910இல் திறக்கப்பட்டது. நோயாளியைப் பேணிக்கொண்டே நோயை ஆராய்வதற்கென்று அமைந்தது அது. அங்கு லூப்பஸ் நோயாளி ஒருவரின் குருதியில், உயிரணுக் கருவிலுள்ள ஒரு பொருளைத் தாக்கும் எதிர்ப்பொருளை அவ்விருவரும் கண்டு 1966இல் எழுதினர். அந்நோயாளியின் குடும்பப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளை அதற்கு இட்டனர். ‘எஸ்எம்’ என்பது அப்பெயர். எல்லா லூப்பஸ் நோயாளரிடமும் அது இராது. ஆனால் இருந்தால் நோய் லூப்பஸ்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கதை அதோடு முடியவில்லை. 1979இல் ஏல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெர்னரும் ஜோன் ஸ்டைட்ஸும் இத்தகைய எதிர்ப்பொருள்களைத் தூண்டிலாக்கி, உயிரணுக் கருவிலுள்ள நுண்துகள்களைப் பிடித்தெடுத்தனர். மரபுச் செய்தியின் முதற்படியில் வேண்டாத பகுதிகளை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டித் தரும் வேலையில் அத்துகள்கள் பங்கு கொள்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஏட்டுப்பிரதியைத் திருத்தும் பதிப்பாசிரியர் ஒருவர் நம் ஒவ்வோர் உயிரணுவிலும் அமர்ந்திருக்கிறார் என்பதை, நோயுற்ற பெண்களின் குருதி காட்டிக்கொடுத்தது. 1966இல் எவருக்கும் கேட்கத் தெரியாத கேள்வி அது.

டான் எங் மெங்கின் பணி வரலாற்றில் என் கவனத்தை ஈர்த்தது மற்றொன்று. ராக்ஃபெல்லரிலிருந்து செயிண்ட் லூயிஸ். அங்கிருந்து கலிபோர்னியாவின் லா ஹோயா நகரிலுள்ள ஸ்கிரிப்ஸ். 1977இல் கொலராடோப் பல்கலைக்கழகம். 1982இல் மீண்டும் ஸ்கிரிப்ஸ். இவ்வளவு இடம்பெயர்ந்தும் ஆய்வு அறுபடவில்லை. ஓரிடம் அவரை அழைத்தபோது ஆளை மட்டும் அழைக்கவில்லை. அவர் வேலை தொடர்வதற்கான இடத்தையும் சேர்த்தே அழைத்தது. உலகின் பல நாடுகளிலிருந்து, சிறப்பாக ஜப்பானிலிருந்து, இளம் மருத்துவர்கள் அவரிடம் வந்து பயின்று சென்றனர். அமெரிக்காவிலும் எல்லாம் செம்மை என்று நான் சொல்லவில்லை. நோயாளியையும் ஆய்வையும் ஒருசேரப் பற்றிய மருத்துவர் அருகிவரும் இனமாகிவிட்டார் என்று 1979இலேயே ஜேம்ஸ் வின்கார்டன் அந்நாட்டு மருத்துவ இதழில் எச்சரித்திருக்கிறார். எனினும் எச்சரிக்க அங்கு ஒருவர் இருந்தார். படிக்கவும் பலர் இருந்தனர்.

நம் நாட்டில் அப்படிப்பட்டவர்களே இருந்ததில்லை என்று எண்ணிவிடலாகாது. மலாயாப் பல்கலைக்கழகம் 1960களில் கோலாலம்பூரில் மருத்துவப் புலத்தைத் தொடங்கியபோது அதன் முதல் புலத்தலைவராக இருந்து ஆசிரியர்களைத் தேடிச் சேர்த்தவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். அவர் வெறும் நிருவாகியல்லர்; இருமலும் மூச்சிரைப்புமாக வந்த நோயாளரை நெடுநாள் ஆராய்ந்து, வெப்பமண்டல நுரையீரல் நோய் ஒன்று யானைக்கால் வகைப் புழுக்களோடு தொடர்புடையது என்பதைத் தம் குழுவினரோடு 1966இல் எழுதியவர். ஆள் தேர்ந்தெடுப்பவரே ஆய்வின் சுவையறிந்தவராக இருந்தால் யாரைத் தேடுவார் என்பதற்கு அப்புலத்தின் பிற்கால வரலாறு விடை சொல்லும். 1997இல் அங்கிருந்து பேராசிரியர் வாங் முதலியோர் 539 லூப்பஸ் நோயாளரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடையே நோயின் பரவலும் போக்கும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஒப்பிட்ட கட்டுரை அது. சீனரிடையே அது மிகுதி, இந்தியரிடையே குறைவு. சிங்கப்பூரிலும் ஃபெங் பாவ் சீ, போய் மீ லெங் ஆகியோர் சீன நோயாளரைப் பற்றித் தம் பட்டறிவை 1982இலேயே எழுதியிருந்தனர். ஒரு நாட்டு நோயாளரைப் பற்றி அந்நாட்டிலேயே எழுதப்பட்ட கணக்கு எவ்வளவு அரியது என்பது, பிறநாட்டுக் கணக்கை வைத்து மருந்தளவு முடிவு செய்யப்பட்டவர்களின் வீட்டாருக்குத் தெரியும்.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு, முன்வரைவின் மேல் என் கருத்தை நான்கு வரிகளில் எழுதினேன். ஆய்வுக்கென வாரத்தில் இரண்டு முழுநாள் என்று விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும். அந்நாள்களில் பிற கடமைகள் ஒப்படைக்கப்படமாட்டா என்பதையும் எழுத வேண்டும். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்பதோடு, எத்தனை நோயாளரை எத்தனை ஆண்டு தொடர்ந்து பார்த்தார் என்றும் கேட்க வேண்டும். சேர்க்கும் குருதியையும் குறிப்புகளையும், அவர் பணியிலிருந்து நீங்கும் நாளில் யார் பொறுப்பேற்பார் என்பதை, அவர் சேரும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். கடைசி வரியை எழுதியபோது முப்பத்தாறு என்னும் எண் என் நினைவில் இருந்தது. அதைத் தாளில் எழுதவில்லை. அக்காள் 2009இல் சிறுநீரகம் செயலிழந்து காலமாகியிருந்தாள். இருபத்தெட்டு ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தவள். 1950களின் நடுவில் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு ஒன்றில், நோய் கண்டறியப்பட்ட நான்காண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் மறைந்துவிட்டனர் என்று காண்கிறோம். அதை நோக்க அவள் வாழ்ந்தது நெடுங்காலமே.

விளம்பரம் வெளிவந்தபோது என் வரிகளில் ஒன்றரை வரி இடம்பெற்றிருந்தது. வாரத்தில் ஒரு நாள் ஆய்வுக்கு என்றிருந்தது. குருதி பற்றிய வரி, ‘சேகரிக்கப்படும் மாதிரிகள் யாவும் துறையின் உடைமை’ என்று மாறியிருந்தது. பேணுவார் யார் என்று நான் கேட்டேன்; உரியவர் யார் என்று அவர்கள் விடை சொன்னார்கள். வினாவை மாற்றி விடை எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. ஆனால் துறைத்தலைவரிடம் அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. முதல் விளம்பரத்துக்கு எவரும் விண்ணப்பிக்கவில்லை. 2018இல் மீண்டும் வெளியிட்டனர். இம்முறை ஒரு நாள் என்பது ஒன்றரை நாளாகியிருந்தது. இருவர் விண்ணப்பித்தனர், ஒருவர் ஊதியத்தைக் கேட்டபின் விலகிக்கொண்டார்.

மற்றவர் 2019இல் பணியேற்றார். வெளிநாட்டில் பயின்று திரும்பிய மலாய்ப் பெண்மணி. நாற்பதைத் தொடும் வயது. நேர்முகத்தில் அவர் முன்வைத்த வேண்டுகோள் இரண்டு என்று பின்னர் அறிந்தேன்: மின்தடையில் தானாக இயங்கும் இணைப்புள்ள உறைபெட்டி ஒன்று, அதைப் பார்த்துக்கொள்ள, தம்மோடு சேர்ந்து போய்விடாத நிலையான ஆய்வக உதவியாளர் ஒருவர். என் நான்காம் வரியை அவர் படித்திருக்க வழியில்லை. பணியேற்ற மறு ஆண்டே பெருந்தொற்று வந்தது. ஹைட்ராக்சிக்குளோரோகுயின் அந்நோயைத் தீர்க்கும் என்னும் பேச்சு 2020இன் தொடக்கத்தில் உலகெங்கும் பரவ, பல நாடுகளில் லூப்பஸ் நோயாளருக்கு அது தட்டுப்பட்டது. ஆய்வை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் குழுவிலுள்ள ஒவ்வொருவரிடமும் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுப் பட்டியல் எடுத்தார் அவர். அந்தப் பட்டியலும் ‘பிற கடமைகள்’ வரிசையில்தான் சேரும் போலும்.

2022இல் நோயாளர் குழு மீண்டும் நேரில் கூடியபோது, பேச்சிடையே அக்காளின் ஏடுகளைப் பற்றிச் சொன்னேன். உறைபெட்டி போன செய்தி கேட்ட வாரத்திலிருந்து அவள் பள்ளிப் பயிற்சி ஏட்டில் தன் உடல்நிலையை எழுதத் தொடங்கினாள். அதற்கு முந்திய ஆண்டுகளையும் பழைய சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தாள். மொத்தம் இருபத்தொரு ஏடுகள். எல்லாம் தமிழில். நான் வைத்திருந்தது பாசத்தினால். வேறு பயன் உண்டென்று எண்ணியதில்லை. மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “சிக்கு, எனக்கு வாசித்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். (அச்சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.)

அன்றுமுதல் வியாழன்தோறும் பிற்பகல் நான்கு மணிக்கு அவர் அறைக்குச் செல்கிறேன். நான் ஒரு வரி படித்து மலாயில் சொல்வேன். அவர் கணினியில் பதிந்துகொள்வார். முதல் வாரத்திலேயே தடை வந்தது. ‘இன்று அசதி’ என்று ஒரு நாள்; ‘சோர்வாக இருந்தேன்’ என்று ஒரு நாள்; ‘உடம்பு ஓய்ந்து கிடக்கிறது’ என்று மற்றொரு நாள். நான் மூன்றையும் ஒரே மலாய்ச் சொல்லால் பெயர்த்தேன். அவர் எழுத்தின் வடிவைக் கண்டே, சொற்கள் வெவ்வேறாயிருக்கின்றனவே என்று பிடித்துக்கொண்டார். லூப்பஸ் நோயாளர் மிகுதியாக முறையிடுவது களைப்பைப் பற்றித்தான். அதை அளக்கக் கருவியில்லை. கேள்வித்தாள் கொடுத்து ஒன்றுமுதல் பத்துவரை எண் போடச் சொல்வதே வழக்கம் என்றார். நான் விளக்க முற்பட்டேன். அசதி, வேலை செய்த உடம்புக்கு வருவது, உறங்கினால் போகும். சோர்வில் மனமும் சேர்ந்து வாடும். மூன்றாவது, வேலை எதுவும் செய்யாமலே, உறங்கி எழுந்த காலையிலேயே கைகால் இயங்க மறுப்பது. இவ்வேறுபாட்டை அகராதி இப்படித் தரவில்லை. அக்காள் அப்படித்தான் வழங்கினாள் என்பதற்கு ஏடுகளில் அவள் எழுதிய அடுத்த வரிகளே சான்று.

மருத்துவர் திரையில் மூன்று பத்திகள் வகுத்துக்கொண்டார். மூன்றாம் சொல் வரும் நாளுக்குப்பின் எத்தனை நாள் கழித்து மூட்டு வீங்கியது, எப்போது சிறுநீரில் நுரை கண்டது என்று தேடிக்கொண்டு வருகிறார். இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார். ஒருத்தியின் ஏடு போதாதாம், வேறு எவரேனும் இப்படி எழுதி வைத்திருக்கிறார்களா என்று குழுவினரிடம் கேட்டிருக்கிறார். இதுவரை இருவர் தம் ஏடுகளைக் கொண்டு வந்திருக்கின்றனர். ஒன்று சீனத்தில், ஒன்று மலாயில். எங்கள் வாசிப்பில் பதினாறு ஏடுகள் முடிந்திருக்கின்றன. வரும் வியாழன் பதினேழாவது.